பாதிக் கணக்கு

எங்கள் கூடாரங்களில் குழந்தைக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: வெளியாள் கேட்டால் பாதி சொல். எட்டுப் பேர் என்றால் நாலு. நாங்கள் டோம் சனங்கள். ஊர்க்காரன் வாயில் ‘நவர்’, அதாவது நாதியற்றவர்கள். முழுக்கணக்குத் தெரிந்தால் விரட்டத்தான் வருவான்.

அந்த வழக்கத்தை உடைத்தவள் என் ஓரகத்தி நஷ்மியா. ஜோர்தான் பள்ளத்தாக்கில் என்னோடு தக்காளி பறிப்பவள். மணல்வாரி அம்மையில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். அதனால்தான் சுகாதாரத் திட்டத்து ரனீம் வந்து, “ஊசியை எப்படிப் போடலாம்னு உங்க பிள்ளைங்களே சொல்லட்டும்” என்றதும் உருகிப்போனாள். எங்களிடம் அதுவரை யார் யோசனை கேட்டார்கள்?

பிள்ளைகள் வெளுத்துக்கட்டினார்கள். “காலையில வராதீங்க, வயல்ல இருப்போம்.” “மைக்கு வேணாம், போலீசுன்னு ஓடிருவோம். மேளம் அடிங்க, வந்துருவோம்.”

கடைசியில் ரனீம் கூடாரங்களுக்கு ஒரு வரைபடம் கேட்டாள். நஷ்மியாவின் பத்து வயது மகள் ஷுக்ரியா வண்ணப் பென்சிலோடு நிமிர்ந்தாள்.

“யம்மா, பாதியா?”

“முழுசாப் போடுடி. ஒரு பிள்ளகூட விட்டுப்போகக் கூடாது.”

“வேணாம் நஷ்மியா” என்றேன்.

“பயந்தாங்கொள்ளி, நீ போய் ரொட்டியச் சுடு.”

ஷுக்ரியா நாற்பத்தொரு கூடாரங்களையும் வரைந்தாள். எங்கள் ஆட்டுக்கு மஞ்சள் அடித்தாள்.

மேளம் அடித்து முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவது ஊசிக்கு முன்னால் புல்டோசர் வந்தது. அதிகாரி கையில் அந்தப் படத்தின் நகல். மஞ்சள் ஆடுகூட அப்படியே இருந்தது. “நாப்பத்தொண்ணு, சரியா இருக்கு” என்றான். ஷுக்ரியா அழவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நஷ்மியா ரனீமுக்குப் போன் போட்டாள். “கோப்புல வச்சிருந்தேன், மேலிடத்துல கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்றாளாம் மகராசி. அதன்பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது வாழைத் தோப்புக்கு அப்பால் இருக்கிறோம். போன வாரம் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டது. எந்தக் கூடாரத்தில் யாருக்கு என்னவென்று ஷுக்ரியாவுக்குத் தெரியாமல் இருக்காது.

“எத்தன பிள்ளைக்குடி காய்ச்சல்?” என்று நஷ்மியா கேட்டாள்.

“மூணு.”

நானும் நஷ்மியாவும் கூடாரம் கூடாரமாக நுழைந்து தொட்டுப் பார்த்தோம். ஆறு பேருக்குச் சுட்டது. நஷ்மியா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கே பாதி சொல்லிட்டாளே அக்கா” என்றாள்.