ஜெராக்ஸில் இல்லாத பாதி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதத் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். வருடா வருடம் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் எந்தப் பாடத்தைத் தந்தாலும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு உயிரான பாடம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். வழிமுறை தெரிந்தால் போதும், விடை தானாக வந்து நிற்கும். எனக்கு ஆகவே ஆகாத பாடம் ரியல் அனாலிசிஸ். ஒரு கணக்கும் இருக்காது, பக்கம் பக்கமாக நிரூபணம்தான். படித்த காலத்தில் அதை நான் மனப்பாடம் செய்தே கரையேறினேன். கால அட்டவணை வந்தபோது ஈக்குவேஷன் இன்னொருவருக்குப் போயிருந்தது. எனக்கு மூன்றாம் ஆண்டு ரியல் அனாலிசிஸ். வேறென்ன கிடைக்கும்?

பரணில் கிடந்த என் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். வகுப்பில் அதைப் பார்த்து டிக்டேஷன் கொடுத்தபோது, பாதிப் பேர் பேனாவையே எடுக்கவில்லை. ஏன் எழுதவில்லை என்று அதட்டினேன். "மேடம், நீங்க சொல்றது அப்படியே ஜெராக்ஸ்ல இருக்கு" என்றான் ஒருவன். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும், நோட்ஸ் கட்டாகக் கைக்கு வந்துவிடும். நான் படித்த காலத்திலும் அந்தக் கட்டுதான். எங்களுக்கு மூத்தவர்களுக்கும் அதே கட்டுதான். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாடப் புத்தகத்தைவிட அதற்குத்தான் மரியாதை.

இரண்டாவது இன்டர்னல் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு தேற்றம் கேட்டிருந்தேன். வகுப்பே அதை ஒரே அச்சாக எழுதியிருந்தது. அதே வரிகள், அதே இடத்தில் அடிக்கோடு. எரிச்சலோடு ஒவ்வொன்றுக்கும் பத்து போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வரும், அதிகம் பேசாத ஒரு மாணவியுடையது. எல்லோரும் ஒரு தூரத்தை எடுத்துக்கொண்ட இடத்தில், அவள் அதில் பாதியை எடுத்திருந்தாள். ஒன்றல்ல, மூன்று இடங்களில். கவனமில்லாமல் எதையோ கலந்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, மூன்றையும் சிவப்பில் வட்டமிட்டு இரண்டு மதிப்பெண் போட்டேன். யோசிக்கவே இல்லை.

அந்த இரண்டு அவளைக் கவிழ்த்துவிட்டது. எங்கள் கல்லூரியில் இன்டர்னலில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லையென்றால் செமஸ்டர் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அந்த ஒரு பேப்பர் நின்றால் அந்த வருடம் எம்.எஸ்ஸி. சேர முடியாது. தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து, மதிப்பெண்ணெல்லாம் அலுவலகத்துக்குப் போன பிறகு, துறை அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வாடிக் கிடந்தது. "ஒரு வாரமா இவ சாப்பிடவே மாட்டேங்குறா மேடம்" என்றாள் கூட வந்த தோழி.

மதிப்பெண் பிச்சைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கத்திவிட்டேன். "நோட்ஸ்ல இருக்கிறத இருக்கிற மாதிரி எழுத என்ன கேடு?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். அந்தப் பாதி இல்லன்னா கடைசி வரி வரமாட்டேங்குது. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். நான் ரெண்டு பஸ் மாறி வாரேன். ஒரு மணி நேரத்துல காலேஜுக்கு வரணும்னா ஒவ்வொரு பஸ்ஸும் அரை மணிக்குள்ள வரணும்ல? ரெண்டுக்கும் முழுசா ஒவ்வொரு மணி குடுத்தா எப்புடி மேடம் நேரத்துக்கு வந்து சேர முடியும்?"

இந்தத் தேற்றத்தை நான்கு பருவத் தேர்வுகளுக்காவது மனப்பாடம் செய்திருப்பேன். இரண்டு தூரங்கள் சேர்ந்து ஒன்றுக்குள் அடங்க ஒவ்வொன்றும் அதில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்கே விளங்கியது. அதுவும் பஸ்ஸை வைத்து! புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பாதி என்று பளிச்சென்று இருந்தது. யாரோ புண்ணியவான் ஜெராக்ஸ் நோட்ஸில் அதை விட்டுவிட்டிருக்கிறான், தலைமுறை தலைமுறையாக எல்லோரும் தப்பையே எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வில்லாபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன்.

வகுப்பில் எத்தனையோ முறை திறந்த பக்கம்தான். உற்றுப் பார்த்தேன். என் கையெழுத்திலும் அந்தப் பாதி இருந்தது. எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் சரியாகத்தான் எழுதிப் போட்டிருக்கிறார், நானும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். பிறகு மூன்று இடங்களிலும் பேனாவால் அடித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு வேறு: 'ஜெராக்ஸில் இல்லை.' நடத்திய மனுஷனை நம்பாமல், ஊர்பேர் தெரியாத ஒரு கட்டை நம்பி, சரியான விடையை நானே அடித்துத் தப்பாக்கியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் துறைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, மார்க்கெல்லாம் ஏத்தியாச்சு. ஒரு பிள்ளைக்காக இம்புட்டு பேரு பேப்பரையும் மறுபடி தொறக்கச் சொல்றீங்களா? அடுத்த வருசம் உங்களுக்கு ரெனியூவல் வேற இருக்கு."

அந்த ரெனியூவல் பேச்சைக் கேட்காததுபோல் நின்றேன். மற்றவர்கள் மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டாம், இவளுடையதை மட்டும் திருத்தினால் போதும் என்று கெஞ்சினேன். விடைத்தாளைத் திருத்தியதில் தவறு என்னுடையது என்று கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் நான் அலுவலகத்துக்கும் துறைக்கும் நடந்த நடை கொஞ்சமல்ல. ஒருவர் சீல் இல்லை என்பார், அடுத்தவர் சீல் போட்ட இடம் சரியில்லை என்பார். ஹால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிய அன்று காலையில்தான் அவள் பெயர் பட்டியலில் ஏறியது.

வகுப்பில் நின்று என் தவறை ஒப்புக்கொண்டு, அந்தத் தேற்றத்தை முதலிலிருந்து நடத்தினேன். பஸ் உதாரணத்தை அவளையே எழுந்து சொல்லச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் முன் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அப்ப செமஸ்டர்ல எத எழுதட்டும் மேடம்? பாதியோடயா, ஜெராக்ஸ்ல இருக்கிற மாதிரியா?" சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவனைத் திட்ட வாயெடுத்தேன், ஆனால் எந்த முகத்தோடு திட்டுவது?

அவள் தேர்வெழுதினாள், எம்.எஸ்ஸி.யும் சேர்ந்துவிட்டாள். என்னிடம் ஒரு நாளும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு விடை என் நோட்டில் இருப்பதுபோல் இல்லையென்றால், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் நானே அதைப் போட்டுப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை, அந்த ஐந்து நிமிடத்தை அன்று நான் கொடுக்காததால்தான் சரியாக எழுதிய ஒரு பெண் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள்.