கேப்டன் எழுதிய கட்டுரை

திருவொற்றியூரில் நான் ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மாடி வகுப்புக்கு ஒரு கப்பல் கேப்டன் வந்தார். ஆறடி உயரம், வெயிலில் கறுத்த முகம். அவர் உட்கார்ந்தால் எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி முனகும். அவருடைய கேப்டன் சான்றிதழை ஆஸ்திரேலியாவில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அங்கே குடியேற ஆங்கிலத் தேர்வு மட்டுமே பாக்கி. அதில் எழுத்துத் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார்.

காரணம் முதல் நாளே தெரிந்தது. வாழ்வதற்கு நகரமா, கிராமமா என்று இருநூற்றைம்பது வார்த்தைகளில் எழுதச் சொன்னேன். "டவுன் பெட்டர். ஹாஸ்பிட்டல் நியர்பை" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"இன்னும் எழுதுங்க சார்."

"அவ்ளோதான் மிஸ் மேட்டரு. கடல்ல நீட்டி முழக்கிகினு இருந்தா, அதுக்குள்ள கப்பலு மோதிடும்."

இரண்டு மாதம் போராடினோம். ஒரு வரியை மூன்று வரியாக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மூன்றாம் முறை தேறினார். லட்டு டப்பாவோடு வந்தவரிடம் கேட்டேன்.

"இங்கேயே கேப்டனா இருக்கீங்க. அங்க அப்படி என்ன சார் இருக்கு?"

"அங்க ஹார்பர்லயே வேல பாக்கலாம் மிஸ். டூட்டி முடிஞ்சா வூட்டுக்கு வந்துடலாம். இங்க ஆறு மாசம் கழிச்சி வந்து கதவத் தட்றேன். எம் பொண்ணு உள்ள திரும்பி, 'அம்மா, யாரோ அங்கிள் வந்துகீறாரு'ன்னுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கையிலெடுத்த லட்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன்.

அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய் ஒரு வருடமாகிறது. இப்போது சாயங்காலம் அவர் கதவைத் தட்டும்போது அந்தப் பெண் என்ன சொல்கிறாளோ என்று, சில நாள் பாடத்தின் நடுவிலேயே யோசித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.