கடைசித் தேதிக்குப் போன சைக்கிள்

1987ஆம் ஆண்டு நான் பி.காம். இரண்டாம் ஆண்டில் இருந்தேன். கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருந்த என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, ஒரு நிபந்தனையோடுதான் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். “மூணே வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் ஜாஸ்தி ஆனாலும் நிக்காஹ்தான்.” போதாதற்கு, “பட்டத்த வாங்கி இன்னா, கடையில தொங்கவுடப் போறியா?” என்ற கிண்டல் வேறு.

அதனால் சேர்ந்த வாரமே மூன்று வருடத்துக்கும் அட்டவணை போட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் கடைசித் தேதியைக் குறித்து, அந்தத் தேதியில்தான் செய்வேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கியபோது, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்திருந்தார்கள், பஸ் இல்லை. கல்லூரியோ உளுந்தூர்பேட்டைப் பக்கம். விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் மூன்று வருடத்தில் பட்டம் கிடையாது. அழுதுகொண்டே அத்தாவிடம் சொன்னேன். அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் வந்து ஒப்புகைச் சீட்டை நீட்டினார்.

“தியாகதுருகத்தாண்ட மரத்து மேல குந்திக்கினு இருந்தவங்க, ‘எங்க பாய் போறீங்க?’ன்னாங்க. பொண்ணு பரீட்சைக்குன்னேன். ‘நாங்களும் படிப்புக்குத்தான் பாய் குந்திக்கினு இருக்கோம்’னு சொல்லி, சைக்கிளத் தூக்கி அந்தாண்ட வெச்சாங்க.”

பிறகு முகம் கழுவிக்கொண்டே கேட்டார்: “மூணு வருஷம்னு சொன்னது பி.காமுக்குத்தான். எம்.காம். எத்தினி வருஷம்?”

அதுவரை அவரைத்தான் என் படிப்புக்குத் தடை என்று நினைத்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, அவருடைய மகள் என்ற பெருமையும் இருக்கிறது.