அம்மா இல்லாமல் வைத்த நிலை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றும் இன்னொருவர் வாசலில் கைநீட்டி நின்றதில்லை. இப்போது இந்தக் குளிர் தேசத்தில், ஊஸ்டர் பட்டினத்துக்குப் பக்கத்தில், பயிர் செய்த கமக்காரர் ஒருவரின் பழைய வீட்டை மகள் வாங்க, அதில் இருக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே ஒரு பாதியில் மனிதர் இருந்தார்களாம், மறுபாதியில் மாடு கட்டினார்களாம். ஒரு சன்னலை மாற்றுவதென்றாலும் கெமைண்டே என்கிற ஊர்ச்சபையிலிருந்து ஆள் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். போன கிழமை அப்படி வந்த பெண் சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே ஒரு வாசல் இருந்திருக்கிறது, பிறகு யாரோ அடைத்துவிட்டார்கள் என்றாள். மகள் அதைத் தமிழில் சொன்னபோது நான் எழுந்து போய் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், கிழக்கே தலைவாசல். ஐயா செத்த அடுத்த வருடம் அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது, கொடுக்க வீடில்லை.

"முன்பக்கத்திலை ஒரு அறையை அவளுக்கு விடு. நான் புதுசா நிலை வைச்சுக் கதவு போட்டுத் தாறன். தலைவாசல் ரெண்டு பேருக்கும் பொது" என்றார். அம்மா ஓமென்றாள். தங்கைக்குத்தானே.

நிலை வைக்கும் நாள் விடிய மேசன்மார் வந்தார்கள். மாமா அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, நல்ல காரியம். குறை நினையாதை. கொஞ்சம் உள்ளுக்கு இரு."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்பக்கம், அடுப்பெரியும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விதவைகள் அப்படித்தான் போவார்கள். யாரும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை.

நிலைக்கு மஞ்சள் பூச என்னை விட்டார்கள். "கைராசிக்காரியடி நீ!" என்று மாமா கன்னத்தில் தட்டினார். நான் பூரித்துப் போனேன். நிலை நின்ற பிறகும் மேசன்மார் போகவில்லை. முற்றத்திலிருந்து தலைவாசலுக்குப் போகும் வழியில் கல் அடுக்கத் தொடங்கினார்கள். சாந்து குழைக்க நானும் தண்ணீர் சுமந்தேன்.

மத்தியானம் அம்மா வெளியே வந்தபோது வழி இல்லை, சுவர்தான் இருந்தது.

"அண்ணை, நான் தலைவாசலுக்கு எப்பிடிப் போறது?"

"உனக்குக் குசினிப் பக்கம் வழி இருக்கே. கலியாணப் பொம்பிளை வெளிக்கிடேக்கை உன்ரை முகத்திலை முழிச்சுப் போற முழுவியளமோ வேணும்?"

மேசன்மார் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஓர் அறை என்று கேட்டவர்கள் முன்பக்கம் முழுவதையும் எடுத்தார்கள். பிற்காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குசினிப் பக்கத்தால் வந்து, அந்தப் பக்கத்தாலேயே திரும்பிப் போனார்கள்.

அன்று பின்னேரம் அம்மா அழவில்லை. சுவரைப் பார்க்கவும் இல்லை. குசினிக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக நின்றாள். கதவு இறுகிவிட்டதாக்கும் என்று நினைத்து, "எண்ணெய் எடுத்து வரட்டோ அம்மா?" என்று கேட்டேன். காலையில் தன் கையாலேயே அதைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்ததைத்தான் அவள் நினைத்திருக்கிறாள். அது விளங்க, நானும் என் தாலியைக் கழற்ற வேண்டியிருந்தது.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒருக்கால் உரத்து வாசி பார்ப்பம். மாமா சொன்னதை மழுப்பாமல் அப்படியே வாசி.