செல்வமலர் பெற்ற கட்டடக்கலைஞர்

செல்வமலருக்கு நோர்வே மொழி தெரியாது. மகள் ஆர்த்திகாதான் கைத்தொலைபேசியில் அந்தச் செய்தியைப் பிரெஞ்சுக்கு மாற்றி, வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பேர்கன் நகரத்துப் பத்திரிகை அவளுடைய மகன் யதுர்ஷனைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தது. கடலோர ஊரொன்றில் மரத்தால் நூலகம் கட்டிப் பரிசு வாங்கிய நோர்வேக் கட்டடக்கலைஞர், முப்பத்தாறு வயதில் புற்றுநோயால் காலமானார்.

"மனைவி, ஒரு மகள், தாயார் அஜந்தா..." ஆர்த்திகா நிறுத்திவிட்டாள்.

"வாசி பிள்ளை."

"அவ்வளவுதானம்மா."

அஜந்தா, செல்வமலருடைய கணவரின் தங்கை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தில் ஷெல் விழுந்து கணவர் இறந்தபோது ஆர்த்திகா வயிற்றில். நோர்வேயில் பிள்ளையில்லாமல் இருந்த அஜந்தாவால் ஒரு பிள்ளையைத்தான் கூப்பிட முடிந்தது. ஆறு வயது மகனைக் கொழும்பில் விமானம் ஏற்றும்போது, "ரெண்டு வருசத்திலை அம்மா வந்திடுவன்" என்றாள் செல்வமலர். அவள் மொன்றியல் வந்து, அகதி வழக்கு முடிந்து, மகனைக் கூப்பிடும் நிலைக்கு வர ஒன்பது வருடம் ஆயிற்று. அதற்குள் பதினைந்து வயதாகிவிட்ட பையன், "இங்கை பள்ளிக்கூடம் இருக்கு. பேந்து வாறன்" என்றான். அவள் வற்புறுத்தவில்லை.

'பேந்து' என்ற அந்தப் பிறகு மூன்று வருடங்களுக்கு முன்தான் வந்தது. மாநாடு ஒன்றுக்கு மொன்றியல் வந்தவன், வில்லரே பகுதியில் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். சொல் தேடித் தேடித் தமிழ் கதைத்தான். அவளைச் 'செல்வமம்மா' என்று கூப்பிட்டான். வெறும் 'அம்மா' எப்போதோ அஜந்தாவுக்குப் போயிருந்தது. மீன்குழம்பில் முள் எடுக்கத் தெரியாமல் திணறியவனுக்கு அவளே முள் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த துண்டுக்கு அவனே தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

அவனுக்குப் புற்றுநோய் வருத்தம் முற்றியது என்று கேள்விப்பட்டதும், புவாண்ட்-கிளேர் கிடங்கு வேலையில் விடுப்புக் கேட்டு டிக்கெட் எடுத்தாள். புறப்பட இரண்டு நாள் இருக்க உயிர் போய்விட்டது.

பத்திரிகை வாசித்த அன்று மாலையில் அஜந்தா போன் எடுத்தாள். "மச்சாள், பேப்பர்காரர் பிழையா எழுதிப்போட்டினம். உங்கடை பேரையும் போடச் சொல்லட்டோ?"



"வேண்டாம் அஜந்தா. அவன் காய்ச்சலிலை கிடக்கேக்கை பக்கத்திலை இருந்தது நீர்தானே."

மறுமுனையில் அஜந்தா அழுதாள். செல்வமலர் அவளைத் தேற்றினாள். போனை வைத்த பிறகு, செய்தியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். ஆர்த்திகா முதலிலிருந்து வாசித்தாள்.

அந்த டிக்கெட்டிலேயே செத்தவீட்டுக்குப் போனாள். மண்டபத்தில் அஜந்தா அவள் கையைப் பிடித்து முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். யதுர்ஷனுடைய ஐந்து வயது மகள் செல்வமலரை உற்றுப் பார்த்துவிட்டு அஜந்தாவிடம் நோர்வே மொழியில் ஏதோ கேட்டாள். அஜந்தா குனிந்து குழந்தையின் காதுக்குள் பதில் சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று செல்வமலருக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.