ஞானமுத்து அண்ணாச்சி மாட்டிய பிரேக்

ஞானமுத்து அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். தாளில் எழுதியதை மருமகள் போட்டோ எடுத்துப் போடுகிறாள். அவரைப் பற்றி நானே எழுதுவது... சந்தோஷமாகவும் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு மர அறுவை மில்லில் வட்ட ரம்பம் ஓட்டினேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் பிளேடு நெடுநேரம் சத்தமில்லாமல் சுற்றும். காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு கட்டைத் துண்டைப் பக்கவாட்டில் அழுத்தி நிறுத்துவோம்.

அப்படி அழுத்தும்போதுதான் கூட வேலை பார்த்த சங்கரனுக்கு இரண்டு விரல் போனது.

எங்கள் மில் மோட்டாருக்கும் காயில் கட்டுகிறவர் அண்ணாச்சிதான்; மறு வாரமே ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார்.

அது எப்படி நிறுத்தும் என்று கேட்டேன். மோட்டார் ஓடும்போது காயிலில் காந்த சக்தி சுற்றி வருகிறது, அதுதான் ரம்பத்தைச் சுற்றுகிறது என்றார். ஸ்விட்சை அணைத்ததும் பெட்டி அதே காயிலுக்கு பேட்டரி கரண்ட் மாதிரி ஒன்றைச் சில விநாடி கொடுக்கும். காந்த சக்தி ஒரே இடத்தில் நிற்கும், சுற்றுவதையும் பிடித்து நிறுத்தும்.

முதல் தடவை பிளேடு டக்கென்று நின்றது. நாங்கள் சிரித்தோம். அவர் மட்டும் பிளேடு நட்டைத் தொட்டுப் பார்த்தார். நின்ற வேகத்தில் லூசாகியிருந்தது.

தப்பு தன்மேல்தான் என்று முதலாளியிடம் சொன்னார். மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக நிற்கும்படி மாற்றினார்.

பிறகு ரம்ப மேஜைக்கு மேலே ஒரு சிவப்பு பல்பை மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏலே, கரண்டு இருந்தாத்தான் இந்த பிரேக்கு. கரண்டு போச்சுன்னா பிளேடு அது பாட்டுக்குச் சுத்தும். பல்பு எரியலேன்னா கையக் கொண்டு போகாத."

போர்டு எழுதி வைக்கலாமே என்றார் முதலாளி.

"போர்டப் பாத்து இவன் என்ன செய்வான் மொதலாளி? பல்பு போதும்."

எனக்குக் கோபம்தான்.

பிரேக் பழகிவிட்டது. அணைப்பேன், மூன்று எண்ணுவேன், கையை விடுவேன். பிளேடைப் பார்ப்பதே இல்லை...

ஒருநாள் மத்தியானம் பலகை அறுத்து முடித்து ஸ்விட்சை அணைத்த அதே நேரம் கரண்ட் போனது. மோட்டார் சத்தம் அடங்கியதும் வழக்கம்போல மூன்று எண்ணிக் கையை நீட்டினேன். பல்பு எரியவில்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

பிளேடு அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் ஏறி அவர் கடைக்குப் போய்ச் சொன்னேன். காயிலிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்புட்டுத்தானலே, டீ குடிச்சிட்டுப் போ" என்றார்.

பத்து விரலும் இருக்கிறது அண்ணாச்சி. போய்வாருங்கள்.