வெடிச் சத்தத்துக்கு அசையாத பிள்ளைகள்

மத்தியானம் நிலக்கரி மைன்ஸில் வெடி வைக்கும்போது எங்கள் வகுப்பின் ஜன்னல் கதவுகள் ஒருதரம் நடுங்கி ஓயும். டவுன்ஷிப் பிள்ளைகள் தலைகூட நிமிர்த்த மாட்டார்கள். பள்ளியில் சேர்ந்த புதிதில், அந்தச் சத்தம் கேட்டதும் நான் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டேன். கம்மாபுரம் பக்கம், மைன்ஸ் ஓரத்தில் எங்கள் வீடு. வெடி போட்டால் ஓடு விழும். அதற்குள் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தாள்.

என் பிள்ளைகளே, இன்று நீங்கள் படிக்கும் அதே பள்ளிதான் அது. சுரங்க வேலைக்கு எல்லா ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில் வெறும் கொட்டகையாக இருந்ததாம். கம்பெனி குவார்ட்டர்ஸ் பெருகப் பெருக, பிளாக்குக்கு ஒரு பள்ளி எழும்பியது. எங்கள் பள்ளியும் ஓடு போட்டு, தளம் போட்டு, மேல்நிலைப் பள்ளியானது. ஆனால் இடம் முதலில் பெர்மனென்ட் ஆட்களின் பிள்ளைகளுக்குத்தான். என் அப்பா கான்ட்ராக்ட். அதனால் மாமாவின் குவார்ட்டர்ஸில் நான் தங்கியிருப்பதாகச் சொல்லிச் சேர்த்தார்கள். அப்படி வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தோம். ஒருவரையொருவர் தெரியாததுபோல் நடந்துகொள்வோம்.

"மைன்ஸ் கிளாஸுக்குள்ளயே வந்துடுச்சாடா?" என்று பின்பெஞ்சில் சிரித்தார்கள். திருநெல்வேலிக்காரரான எங்கள் சார் குனிந்து பார்த்தார். "ஏல, வெளிய வா. குவார்ட்டர்ஸ் பய எவனாவது இதுக்குப் பயப்படுவானால? நீ எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன்; மறுநாள் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். இத்தோடு படிப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்த கரியோடு அப்பா, தலைமையாசிரியை அறை வாசலில் நின்றார். "ஊர்ல பள்ளிக்கூடத்துச் சுவரு வெடிச்சிக்கினே போவுதுங்க. பசங்கள வெளிய ஒக்கார வெச்சிக்கினு இருக்காங்க. இவன இங்கயே வுட்டுடுங்கம்மா."

தலைமையாசிரியை ரிஜிஸ்டரை மூடினார். "இருக்கட்டும். ஆனா மேலருந்து ஆளுங்க வந்திருக்கறப்ப இவன் பெஞ்சுக்கு அடியில பூந்தான்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து வெடி நேரம் வந்தால் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அம்மா கட்டிலுக்கு அடியில் போயிருப்பாளா என்று நினைத்துக்கொள்வேன். முகத்தை மட்டும் டவுன்ஷிப் பையன்போல வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பேன். பத்தாவது வரை அப்படித்தான் படித்தேன்.

அந்த ஊர் இப்போது இல்லை. மைன்ஸை அகலப்படுத்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். நாம் டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் வடக்குத்துக்கு வந்துவிட்டோம். குவார்ட்டர்ஸ்காரர்கள் ரிட்டையர் ஆகிக் கிளம்பக் கிளம்ப, பள்ளியும் காலியாகிறது. போன கோடையில் அங்கிருந்து டீச்சர்கள் நம் தெருவுக்கே வந்து, "பிள்ளைங்கள எங்ககிட்ட சேருங்க சார்" என்று கேட்டார்கள். என்னைப் போய் சார் என்றார்கள். சேர்த்தேன். இப்போது இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைக்கிறார்களாம். வேறு பள்ளியோடு இணைக்கப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது.

சின்னவளே, நேற்று சாப்பிடும்போது, "நம்ம ஸ்கூல மூடிடுவாங்களாப்பா?" என்று கேட்டாய். "அதெல்லாம் மூட மாட்டாங்க, சாப்புடு" என்றேன். நீ நம்பிச் சாப்பிட்டாய். உண்மையில் எனக்குத் தெரியாதம்மா. மூடினால் உன்னை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்றும் தெரியாது.